ஏர் லீக் உள்ள பழைய கார்: திருகைத் திருப்புவதா, ஹோஸ் மாற்றுவதா, கார்புரேட்டரையே மாற்றுவதா?

சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. ஐட்லிங் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. ஏசி போட்டால் எஞ்சின் நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஆனால் தர்மபுரி ஊரைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறி 60, 70-ல் போகும்போது ஒரு குறையும் தெரிவதில்லை. பழைய மாருதி 800, ஆம்னி, பத்மினி, அம்பாசடர் என்று கார்புரேட்டர் காலத்துப் பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. மெக்கானிக்கிடம் போனால் மூன்று விதமான பதில் வரும். "ட்யூனிங் பண்ணிட்டா சரியாயிடும்ணே" என்பார் ஒருவர். "எங்கயோ காத்து இழுக்குது, ஹோஸை மாத்தலாம்" என்பார் அடுத்தவர். மூன்றாமவர் கார்புரேட்டரே போய்விட்டது என்பார்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கும்வரை கார்புரேட்டர் திருகில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். கண்டுபிடித்த பிறகு, போன ஒரு ஹோஸை மட்டும் மாற்றாமல் மேனிஃபோல்டை (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் கலவை போகும் குழாயை)ச் சுற்றியுள்ள ரப்பர் முழுவதையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். கார்புரேட்டரை மாற்றுவது கடைசி வழி. பிரேக்கை லேசாக்கிக் கொடுக்கும் பூஸ்டர் பக்கம் கசிவு இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. வண்டியை அன்றே நிறுத்திவிட வேண்டும். காரணம் தொப்பூர் கணவாய் இறக்கம், அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது, காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடியிருக்கும். பிஸ்டன்கள் இழுத்துக்கொண்டே இருப்பதால் மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிட வெகுவாகக் குறைந்துவிடும். அப்போது வெடித்த ஹோஸ் வழியாகவோ உளுத்த பேக்கிங் வழியாகவோ உள்ளே நுழையும் காற்று, கார்புரேட்டரின் கணக்கில் வராத காற்று. பெட்ரோல் அதே அளவு, காற்று மட்டும் கூடுதல். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பது போலத்தான். த்ராட்டில் நன்றாகத் திறந்ததும் உள்ளே வெளியே அழுத்த வித்தியாசம் குறைந்துவிடும். எஞ்சின் உறிஞ்சும் மொத்தக் காற்றும் பல மடங்காகிவிடும். கசிவு அதில் சிறு துளியாக மறைந்துவிடுகிறது. நின்றால் தொல்லை, ஓடினால் சுகம் என்ற அறிகுறி இதனால்தான் வருகிறது.

இந்த அறிகுறியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எரிவதற்குச் சுத்தமான பெட்ரோல் ஒரு பங்குக்கு எடையில் 14.7 பங்கு காற்று தேவை என்றால், இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 பங்குதான் தேவை. புதிய வண்டியின் கணினி பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டிச் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டரில் பெட்ரோல் அளவை முடிவு செய்யும் துளையான ஜெட்டுக்கு அந்த அறிவு இல்லை. அதனால் கசிவே இல்லாத வண்டியும் சற்றுப் பெட்ரோல் குறைந்த கலவையில்தான் ஓடும். அது மட்டுமே காரணம் என்றால் மேட்டில் ஏறும்போதும் மிதித்து முந்தும்போதும் கூடப் பிக்கப் மந்தமாகத் தெரியும். ஃபில்டர் அடைப்பு, பெட்ரோல் பம்ப் பலவீனம் ஆகியவையும் சுமை ஏற ஏறத்தான் முகம் காட்டும். ஐட்லிங்கில் மட்டும் மோசம், ரேஸ் கொடுத்ததும் தெளிவு என்றால் சந்தேகம் ஏர் லீக் மேல்தான் போக வேண்டும். எத்தனால் இங்கே இன்னொரு வேலையும் செய்கிறது. அது வருவதற்கு முன்பு செய்த ரப்பருக்கும் கார்புரேட்டர் பேக்கிங்குக்கும் அது ஒத்துக்கொள்வதில்லை. ஊதிப்போகும், பிறகு காய்ந்து விறைக்கும்.

டீசல் வண்டிக்காரர்களுக்கு ஒரு வரி: சுமோ போன்றவற்றில் பிரேக்குக்கான வாக்குவம் (உறிஞ்சல்), ஆல்டர்னேட்டரோடு சேர்ந்த பம்பிலிருந்து வருகிறது. ஐட்லிங் பற்றி இங்கே சொல்வது உங்களுக்குப் பொருந்தாது. பூஸ்டர் பற்றிச் சொல்வது பொருந்தும்.

கண்டுபிடிக்கும் வழிகள்

செலவே இல்லாதது, காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, ஐட்லிங்கில் சோக்கைக் கொஞ்சம் இழுங்கள். நடுக்கம் குறைந்து எஞ்சின் சீரானால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். கறுத்துப் புகைந்து திணறினால் பிரச்சினை வேறு, ஏர் லீக் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அடுத்தது ஸ்பார்க் பிளக். மூன்று சிலிண்டர் 800-ல் இரண்டு பிளக் காப்பிக்கொட்டை நிறத்திலும் ஒன்று மட்டும் வெளுத்தும் இருந்தால், அந்த ஒரு சிலிண்டருக்குப் போகும் குழாய்ப் பக்கத்து மேனிஃபோல்டு பேக்கிங்தான் முதல் குற்றவாளி. மூன்றும் வெளுத்திருந்தால் எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான இடத்தில் தேட வேண்டும்: கார்புரேட்டர் அடி பேக்கிங், பூஸ்டர் ஹோஸ், கிரேன்க்கேஸ் காற்றோட்ட ஹோஸ்.

இடத்தைச் சுட்டிக்காட்ட, தண்ணீரும் கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயும் இரண்டு வழி. ஸ்ப்ரே துல்லியமானது. கசியும் இடத்தில் பட்டதும் அது உள்ளே இழுக்கப்பட்டு எரிவதால் எஞ்சின் ஓசை சட்டென்று மாறும். ஆனால் அது தீப்பற்றும் திரவம். பழைய அம்பாசடரின் பெட்ரோல் எஞ்சினில் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. நன்றாகச் சூடேறிய எக்ஸாஸ்ட் மேல் அது விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சிரிஞ்சில் பெட்ரோல் எடுத்து அடிப்பதையும், ஊதுபத்திப் புகை எங்கே இழுபடுகிறது என்று பார்ப்பதையும் சில பட்டறைகளில் இன்றும் பார்க்கலாம். பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடத்தில் கங்கு கொண்டுபோகும் வேலையை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன். வீட்டில் செய்வதென்றால் தண்ணீர்தான் என் தேர்வு. செடிக்குத் தெளிக்கும் சின்ன ஸ்ப்ரே பாட்டில் போதும். ஒவ்வொரு இணைப்பாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியுங்கள். கசியும் இடத்தில் தண்ணீர் ஒரு நொடி அடைத்துக்கொள்ளும். உஸ் சத்தம் நிற்கும், ஐட்லிங் மாறும். டிஸ்ட்ரிபியூட்டர், காயில், பிளக் வயர் பக்கமும் சூடான எக்ஸாஸ்ட் வார்ப்பு மேலும் தண்ணீர் படக்கூடாது. ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும், சட்டைக் கை, துண்டு கவனம்.

ஹோஸ்களுக்கு இதைவிட நல்ல வழி, ஒவ்வொன்றாக அழுத்திப் பிடிப்பது. மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் இடத்தில் ஒரு ஹோஸைத் துணி சுற்றிய நோஸ் பிளையரால் நசுக்குங்கள். எஞ்சின் சீரானால் கசிவு அந்த ஹோஸிலோ அது போய்ச் சேரும் உறுப்பிலோ இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்குவம் அட்வான்ஸ் டயாஃப்ரம் கிழிந்திருப்பது பெரும்பாலும் இப்படித்தான் தெரியவரும். ரப்பர் மொறுமொறுத்துப்போயிருந்தால் நசுக்கும்போதே உடையும். உடைந்தால் உடையட்டும், எப்படியும் மாற்ற வேண்டியதுதான்.

வாக்குவம் கேஜ் வாங்கலாமா? ஒரு பழைய காரைப் பல ஆண்டுகள் வைத்திருக்கப் போகிறவர் கட்டாயம் வாங்கலாம். ஒரு தடவை டேங்க் நிரப்பும் காசைவிடக் குறைவு. கடல் மட்டத்தில் நல்ல எஞ்சின் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் காட்டும். நம் பக்கத்தில் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. ஒவ்வொரு ஆயிரம் அடி உயரத்துக்கும் ஏறக்குறைய 1 அங்குலம் குறையும். ஓசூர் சுமார் 3000 அடி உயரத்தில் இருக்கிறது, தர்மபுரி அதில் ஏறக்குறைய பாதி. ஒரே வண்டி தர்மபுரியில் 18 காட்டினால் ஓசூரில் 16 அல்லது 17 காட்டும். எஞ்சினில் எந்தக் கோளாறும் இல்லை. எண்ணைவிட முள்ளின் நடத்தையைப் பாருங்கள். ஆடாமல் தாழ்ந்தே நின்றால் ஏர் லீக், அல்லது இக்னிஷன் டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) பின்தங்கியிருக்கிறது. ஒரு தாளத்தில் விழுந்து விழுந்து எழுந்தால் வால்வைச் சந்தேகிக்க வேண்டும். கேஜால் ஓட்டை எங்கே என்று சொல்ல முடியாது. ஆனால் ரிப்பேருக்கு முன்னும் பின்னும் ஒரு எண்ணைக் குறித்துவைத்தால், செய்த வேலை பலித்ததா என்பதில் வாக்குவாதம் வேண்டியதில்லை.

ஸ்கேனர் பற்றி. கார்புரேட்டருக்குப் பதில் கணினி பெட்ரோலைத் தெளிக்கும் எம்பிஎஃப்ஐ வகை 800, சான்ட்ரோ வைத்திருப்பவர்கள் முதலில் ஸ்கேனரைத்தான் கேட்பார்கள். இந்த மாதிரி வண்டிகளில் கணினி மேனிஃபோல்டு அழுத்தத்தை அளந்து பெட்ரோல் அளவை முடிவு செய்கிறது. கசிவால் அழுத்தம் ஏறினால், சுமை கூடிவிட்டது என்று நினைத்து அது பெட்ரோலையும் கூட்டிவிடும். ஆகவே எஞ்சின் நடுங்குவதற்குப் பதில் ஐட்லிங் இறங்காமல் 1500 ஆர்பிஎம்-லேயே நிற்கும். ஸ்கேனரில் பெரிய பிழை எதுவும் காட்டாமலும் போகலாம். ஏர் ஃபில்டருக்கு அடுத்து காற்றின் அளவையே நேரடியாக அளக்கும் சென்சார் உள்ள வண்டிகளில்தான் ஸ்கேனர் கசிவைத் தெளிவாகப் பிடிக்கும். ஐட்லிங்கில் ஃபியூயல் ட்ரிம் (கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) கூட்டலில் ஏறி நிற்கும், 2500 ஆர்பிஎம் ரேஸில் சுழிக்குப் பக்கம் வந்துவிடும். உள்ளே புகையைச் செலுத்திக் கசியும் இடத்தைக் காட்டும் புகை மெஷின் எல்லா வகைக்கும் சிறந்த சோதனைதான். அது உள்ள பட்டறை பக்கத்தில் இருந்தால் தயங்காமல் போங்கள். கார்புரேட்டர் வண்டிக்கு அதற்காகவே பெங்களூரு வரை ஓட்டிக்கொண்டு போக அவசியம் இல்லை.

தொப்பூரும் பூஸ்டரும்

தர்மபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாய் இறக்கம். பிரேக் பிடிக்காத லாரிகளால் அங்கே நடந்த விபத்துகள் இந்த மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். பழைய கார்க்காரர் அங்கே நினைவில் வைக்க வேண்டியது, பிரேக்கை லேசாக்கிக் கொடுக்கும் பூஸ்டரும் அதே மேனிஃபோல்டு வாக்குவத்தில்தான் வேலை செய்கிறது என்பது. மிகப் பழைய மாடல்கள் சிலவற்றில் பூஸ்டரே கிடையாது. இருக்கிற வண்டியில், மேனிஃபோல்டிலிருந்து வரும் தடித்த ஹோஸில் ஒருவழி வால்வு இருக்கும். எஞ்சின் நின்றாலும் இரண்டு மூன்று மிதிக்குத் தேவையான வாக்குவத்தை அதுதான் பூஸ்டருக்குள் பூட்டிவைக்கிறது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஏர் லீக்கால் ஐட்லிங் தள்ளாடும் வண்டி. பெட்ரோல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறார் ஓட்டுபவர். வளைவில் எஞ்சின் நின்றுவிடுகிறது. ஒருவழி வால்வும் உளுத்திருந்தால் முதல் மிதியிலேயே பெடல் கல்லாகிவிடும். பிரேக் முழுவதும் போய்விடாது. ஆனால் பழக்கமில்லாதவர் காலுக்கு அந்தப் பலம் உடனே வராது. முன்னால் லாரி, பின்னால் லாரி. ஐட்லிங் நடுக்கம்தானே, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று என் சுற்றத்தில் யார் சொன்னாலும் நான் விடாமல் வாதாடுவது இதற்காகத்தான். இறக்கத்தில் கியரிலேயே இறங்குங்கள். த்ராட்டில் மூடி, எஞ்சினைச் சக்கரம் சுழற்றும்போது வாக்குவம் நன்றாகக் கிடைக்கும், எஞ்சினும் வண்டியைப் பிடித்து நிறுத்தும்.

சோதனை எளிது. எஞ்சினை அணைத்து, பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதியுங்கள். காலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் உள்ளே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டருக்கு வாக்குவம் வரவில்லை. இறங்கினால் ஐட்லிங்கில் பெடலை அழுத்தியே வைத்திருங்கள். காலடியில் உஸ் சத்தமும் ஐட்லிங்கில் மாற்றமும் இருந்தால் பூஸ்டரின் உள் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. கடைசியாக எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து மிதித்துப் பாருங்கள். முதல் இரண்டு மிதி மென்மையாக இருந்தால் ஒருவழி வால்வு நலம். வால்வைக் கழற்றி வாயால் ஊதியும் பார்க்கலாம்: பூஸ்டர் பக்கத்திலிருந்து ஊதினால் காற்று போக வேண்டும், மேனிஃபோல்டு பக்கத்திலிருந்து போகக்கூடாது.

எந்த ரிப்பேர்?

திருகைத் திருப்பி ட்யூனிங் செய்வது மலிவு, பத்து நிமிட வேலை, வண்டியும் நடுங்காமல் வீடு வந்து சேரும். ஆனால் அங்கே நடப்பது கூடுதல் காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் கொடுப்பதுதான். ஓட்டை அப்படியே இருக்கும், பெரிதாகிக்கொண்டும் இருக்கும். மைலேஜ் குறையும். பிறகு யாராவது ஹோஸை மாற்றினால் அன்றைக்கு வண்டி கறுப்புப் புகை விடும். நல்ல வேலை செய்தவர் மேல் பழி விழும். ஐட்லிங் திருகை முழுக்கத் தளர்த்தியும் எஞ்சின் வேகம் இறங்கவில்லை என்றால் காற்று வேறு வழியில் வருகிறது என்று பொருள். இதை ஒரு சோதனையாகப் பயன்படுத்தலாம். சிகிச்சையாக அல்ல.

இன்சுலேஷன் டேப்பும் சிலிக்கான் பேஸ்ட்டும் நடுவழியில் நின்றால் வீடு சேரப் பயன்படும். அதற்கு மேல் வேண்டாம். சாதாரண சிலிக்கான் பெட்ரோல் பட்டால் ஊறிப் பிய்ந்துவிடும். பிய்ந்த துண்டு உள்ளே இழுபட்டுக் கார்புரேட்டர் துளையை அடைத்தால் புதுச் செலவு.

ஒரு ஹோஸா, எல்லா ஹோஸுமா என்பதில்தான் பலரும் தயங்குகிறார்கள். எல்லாமும் என்பதே என் கட்சி. பங்குனி, சித்திரை வெயிலில் பானெட்டுக்கு அடியில் எல்லா ரப்பரும் ஒரே சூட்டில்தான் வெந்திருக்கிறது. ஒன்று வெடித்தால் மற்றதும் வரிசையில் நிற்கிறது. காவேரிப்பட்டணம், பாலக்கோடு பக்கம் மாந்தோப்பு ஓரம், களத்து ஓரம் வண்டி நிறுத்துபவர்களுக்கு எலிக்கடி வேறு. மெல்லிய வாக்குவம் ஹோஸ் மீட்டர் கணக்கில் கிடைக்கும். மொத்தமும் சில நூறு ரூபாயில் முடியும். கழற்றும் முன் செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழையதை ஒன்று எடுத்து, அதே நீளத்தில் புதியதை வெட்டி மாட்டிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். இடம் மாறிய ஹோஸ், கிழிந்த ஹோஸைவிடப் பெரிய தலைவலி. பூஸ்டர் ஹோஸுக்கு மட்டும் சிக்கனம் கூடாது. தண்ணீர் ஹோஸைப் போட்டால் உறிஞ்சலில் சுவர் ஒட்டிக்கொள்ளும். நூல் பின்னல் உள்ள, வாக்குவத்துக்கென்றே செய்த ஹோஸை ஒருவழி வால்வோடு சேர்த்து வாங்குங்கள்.

பேக்கிங் கசிந்தால் கொஞ்சம் பொறுமையான கை வேண்டும். கார்புரேட்டர் அடியில் பேக்கலைட் தட்டும் அதன் இரு பக்கமும் பேக்கிங்கும் இருக்கும். லீக் நிற்கட்டும் என்று நட்டை வெறியாக இறுக்கியிருப்பார்கள். அதனாலேயே கார்புரேட்டர் அடிப்பாகம் வில்லாக வளைந்திருக்கும். புதுப் பேக்கிங் போட்டும் கசிவு நிற்காததற்கு இதுவே பல நேரம் காரணம். நேர் விளிம்பு ஒன்றை வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜால் பார்க்கச் சொல்லுங்கள். லேசான வளைவு என்றால் தடித்த கண்ணாடி மேல் எமரித் தாளை விரித்துத் தேய்த்தே சமன் செய்துவிடலாம். மேனிஃபோல்டு நட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து இரு ஓரத்துக்கும் மாறி மாறி, இரண்டு மூன்று சுற்றாக இறுக்க வேண்டும்.

கார்புரேட்டரையே மாற்றச் சொன்னால், த்ராட்டில் தண்டை விரலால் ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். தண்டு ஆடி, அதன் முனையில் தண்ணீர் பட்டதும் ஐட்லிங் மாறினால் தேய்மானம் உண்மை. அப்போதும் புதுக் கார்புரேட்டர் முதல் வழியல்ல. 800-ன் மிக்குனி வகைக் கார்புரேட்டர் நல்ல வார்ப்பு. தண்டு சுழலும் துளைக்குப் புது புஷ் (உள்வளையம்) அடித்தால் இன்னும் பல காலம் ஓடும். ஓசூர் சிப்காட் சுற்றிலும் இதைத் துல்லியமாகச் செய்யக்கூடிய லேத் பட்டறைகள் இருக்கின்றன. பெயர் தெரியாத கம்பெனியின் மலிவுக் கார்புரேட்டரைவிட, புஷ் அடித்த பழைய அசல்தான் மேல். உடலில் வெடிப்பு, அரித்துப்போன ஜெட் துளைகள் என்று இருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

யாரிடம் கொடுப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கார்புரேட்டர் வண்டி என்றால் நம் ஊரிலேயே நரைத்த தலையோடு பட்டறை நடத்தும் அண்ணன்தான். காதை வைத்தே பாதியைச் சொல்லிவிடுவார். "திருகு கடைசியில பாத்துக்கலாம்ணே, முதல்ல காத்து எங்க இழுக்குதுன்னு பாருங்க" என்று சொல்லிக் கூடவே நில்லுங்கள். எம்பிஎஃப்ஐ வண்டி என்றால், ஸ்கேனரில் ஓடும் எண்களைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும், பிழைக் குறியை அழிக்க மட்டும் தெரிந்தவர் போதாது. உதிரி பாகத்துக்குச் சேலம் பக்கம். கிடைக்காத பழைய பாகம் என்றால் பெங்களூரு ஜே.சி. ரோட்டில் தேடலாம். கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். மாடல் வருடம் சொன்னால் மட்டும் சரியானது வராது.

வேலை முடிந்ததும் டைமிங் பார்த்து, பிறகு கலவைத் திருகு, பிறகு ஐட்லிங் வேகம் என்ற வரிசையில் செட் செய்யச் சொல்லுங்கள். பழைய கசிவுக்காக முன்பு கூட்டிவைத்த பெட்ரோலை இப்போது குறைத்தாக வேண்டும். கேஜ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். புதுப் பேக்கிங் போட்டிருந்தால் சில நாள் ஓடியபின், காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது நட்டுகளையும் ஹோஸ் கிளிப்புகளையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, அதன் பிறகு சேலம் பக்கம் வண்டியை எடுங்கள்.